கடன்பட்டு டொக்டராக்க வேண்டாம், இந்தப் பிள்ளையைப் பயிர் ஆய்வுக்கு விடுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மாவும் அப்பாவும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். பிள்ளை உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவை உயர்தரம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். ஆனால் மருத்துவத்துக்கு அது போதாது. கொழும்பு மாவட்டத்து மருத்துவ வெட்டுப்புள்ளி நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. மூன்றாம் தடவையும் எழுதுவிப்பதா, வெளிநாட்டில் காசு கட்டிப் படிப்பிப்பதா என்று வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. ரொரன்ரோவில் இருக்கும் மாமா முதல் வருடக் காசைத் தான் தருவதாகவும், மிச்சத்துக்கு பிளாட்டை ஈடு வைக்கும்படியும் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கின்றன.

அம்மா, முதலில் பிள்ளை தோற்கவில்லை. இந்தப் பெறுபேற்றோடு அரச பல்கலைக்கழகத்தில் நல்ல பாடநெறி ஒன்றுக்குப் போகலாம். ஆறுதல் இவ்வளவும் போதும். இனிச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

பிளாட்டை ஈடு வைக்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஐந்து, ஆறு வருடம். முடித்து வந்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சை இருக்கிறது. அதில் சித்தியடைந்த பிறகும் உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் பிள்ளையின் கைக்கு ஒரு சதம் வராது, வங்கி வட்டி மட்டும் ஏறும். கட்டணம் வேறு டொலரில். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரம் பிள்ளை வெளிநாட்டில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாமா தரும் முதல் வருடக் காசு உங்களுடைய சுமையைக் குறைக்காது, மிச்ச வருடங்களுக்கு உங்களைக் கட்டிப்போடும். அவர் அன்பில்தான் சொல்கிறார், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன் பத்திரத்தில் விழப்போவது அவருடைய கையெழுத்து அல்ல.

காசு இருந்திருந்தாலும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். காரணம் உங்கள் பிள்ளை.

என்ன படிக்க விருப்பம் என்று கேட்டதும் அவள் உங்கள் முகத்தைப் பார்த்தாள். நீங்கள் தொலைபேசி எடுக்க வெளியே போன பிறகுதான் வாய் திறந்தாள். சாவகச்சேரிப் பக்கம் அம்மம்மாவின் வயலில் உவர் ஏறி ஒரு மூலை தரிசாகக் கிடக்கிறதாம். அங்கிருந்து ஒரு பை விதைநெல் கொண்டுவந்து, உங்கள் பல்கனியில் யோகட் கோப்பைகளை வரிசையாக வைத்து, வெவ்வேறு அளவு உப்புக் கரைசலில் முளைக்கப் போட்டிருக்கிறாள். கோப்பைகளில் திகதி ஒட்டி எடுத்த படங்களைக் காட்டினாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள்: “உப்பிலயும் முளைச்சது சேர். ஆனா நாத்தா வந்த பிறகு நுனி கருகிச் செத்துப் போச்சு. முளைக்கேக்க தாங்கினது ஏன் பிறகு தாங்கேல்ல?”

இந்தக் கேள்வி ஆய்வாளர்களின் கேள்வி. முளைக்கும் நேரம் நெல் உப்பை ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் அடிபட்டுப் போகும். சோடியம் நீரோடு ஏறி இலைகளில் சேர்ந்து கலங்களைக் கெடுப்பது ஒரு காரணம். தாங்கும் இனங்கள் சோடியத்தை இலைக்கு ஏறவிடாமல் வேரிலும் தண்டிலும் மறித்து, பொற்றாசியத்தை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. கேரளத்துக் கரையோர நெல்லான பொக்காலி அப்படிப்பட்டது. அந்தத் திறனில் பெரும்பங்கு வகிக்கும் பகுதி நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதைக் கண்டு அதற்கு ‘சால்டோல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் பொக்காலியைப் பெற்றோராக வைத்து ஏ.ரி. 354 என்ற உவர் தாங்கும் இனத்தைத் தந்தது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்விக்குப் பல்கனியில் நின்று இவள் தானாக வந்து சேர்ந்திருக்கிறாள். இத்தனை வருடம் பிள்ளைகளோடு பேசுகிறேன், இப்படி வருபவர்கள் அரிது. இந்தப் பிள்ளையை மூன்றாம் தடவையும் ரியூசன் வகுப்பில் கொண்டுபோய் இருத்துவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

“கம்பஸில பொட்டனி படிச்சா ரீச்சராத்தான் வரலாம்” என்று சித்தி சொன்னதாகச் சொன்னீர்கள். ஆசிரியத் தொழிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சித்தி நினைக்கும் பொட்டனி, இலையைப் பிடுங்கிப் பெயர் எழுதும் பொட்டனி. இன்று வரட்சி, உவர், வெள்ளம், வெப்பம் தாங்கும் பயிர்களை உருவாக்கும் தாவர விஞ்ஞானி செய்கிற வேலை வேறு.

ஒரு மரபணுவைத் தெரிவு செய்வதில் வேலை தொடங்கும். அது வேறொரு நெல்லினத்திலிருந்தும் வரலாம், கடல்நீரில் நிற்கும் கண்டல் மரத்திலிருந்தும் வரலாம். சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டல் மரத்து மரபணுக்களை நெல்லில் புகுத்தி உவர் தாங்குமா என்று ஆராய்ந்தவர்கள். புகுத்தும் வேலையை அக்ரோபக்டீரியம் என்ற மண் பக்டீரியாவைக் கொண்டு செய்விக்கலாம். தன் டிஎன்ஏயில் ஒரு துண்டைத் தாவரக் கலத்துக்குள் செலுத்துவது அதன் இயல்பு. அந்தத் துண்டில் தீமை செய்யும் பகுதியை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய மரபணுவை வைத்து அனுப்புகிறார்கள். நெல்விதையின் முளையத்திலிருந்து வளர்த்தெடுத்த கலத்திரளை இந்தப் பக்டீரியாவோடு சில நாள் சேர்த்து வைத்து, பிறகு நுண்ணுயிர்கொல்லி கலந்த ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கொல்லியைத் தாங்கும் மரபணு ஒன்றையும் கூடவே அனுப்பியிருப்பதால், மரபணு ஏறாத கலங்கள் மட்டும் அதில் செத்துப்போகும். பிழைத்தவற்றிலிருந்து சிறு பச்சைத் தளிர் வர மாதக்கணக்கில் ஆகும். பூஞ்சணம் ஒன்று புகுந்தால் தட்டுகளை எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதன்பின் பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்து மரபணு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது, பச்சை வீட்டில் வளர்த்து விதை எடுப்பது, அடுத்த தலைமுறைகளிலும் அது நிலைக்கிறதா என்று பார்ப்பது, உப்புக் கரைசலில் நாற்றை நிறுத்திச் சோதிப்பது. பொறுமை இல்லாத பிள்ளைக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். கோப்பைக்குக் கோப்பை திகதி ஒட்டிய பிள்ளைக்குச் சொல்கிறேன்.

மரபணுவைப் புகுத்தியதோடு வேலை முடிந்துவிடாது. ஜப்பானில் கசுகோ யமகுச்சி-ஷினொசாகியும் கசுவோ ஷினொசாகியும் ட்ரெப் என்ற மரபணுக் குடும்பத்தை ஆராய்ந்தார்கள். வரட்சி, உவர், குளிர் வரும்போது செடிக்குள் பல பாதுகாப்பு மரபணுக்களை இயக்கிவிடும் ஆளி (சுவிட்ச்) போன்றவை அவை. அவற்றில் ஒன்றை எப்போதும் இயங்கும்படி வைத்தபோது செடி அந்த அழுத்தங்களைத் தாங்கியது, ஆனால் குறுகிப்போனது. தேவையில்லாத நேரத்திலும் தற்காப்புக்கே சக்தியைச் செலவழித்தால் வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? அந்த மரபணுவை, அழுத்தம் வந்தால் மட்டும் தூண்டப்படும் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டோடு இணைத்து, அந்தக் குறையைப் பெருமளவு தவிர்க்கலாம் என்று 1999 இல் அவர்கள் காட்டினார்கள். விளைச்சலும் வேண்டும், தாங்குதிறனும் வேண்டும் என்ற இந்த இழுபறிதான் இன்றுவரை இத்துறையின் நடுப்பிரச்சினை. மூளையுள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்கப் போதுமான வேலை இதில் இருக்கிறது.

“பொம்பிளைப் பிள்ளை வயலுக்க நிக்கிறதா” என்ற பேச்சும் உங்கள் வீட்டில் எழுந்ததாம். இப்போது சொன்ன கசுகோ ஒரு பெண். சூரியகாந்தி மரபணு ஒன்றைக் கோதுமையில் வைத்து வரட்சி தாங்கச் செய்த குழுவின் தலைவி, ஆர்ஜென்டீனாவின் ராகேல் சான். எச்பி4 என்ற அந்தக் கோதுமைக்கு 2020 இல் அந்நாடு அனுமதி கொடுத்தது. நெல் வெள்ளத்துள் இரண்டு வாரமளவு மூழ்கிக் கிடந்தும் பிழைக்கச் செய்யும் சப்1ஏ மரபணுவை 2006 இல் அடையாளம் காட்டிய ஆய்வில் முக்கியமானவர், கலிபோர்னியாவின் பமீலா ரொனால்ட். இவர்கள் எல்லோரும் பேராசிரியர்களாக உயர்ந்தவர்கள். சித்திக்கு இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

சரி, வேலை எங்கே? இதில் நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. மரபணு மாற்றிய பயிர் எதுவும் இலங்கையில் வர்த்தகரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. மக்களிடம் பயமும் இருக்கிறது, விதை யார் கைக்குப் போகும் என்ற கேள்வி நியாயமானதும்கூட. அதனால் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் நெல் அடுத்த போகமே வயலுக்குப் போகும் என்று பிள்ளை கனவு காணக்கூடாது. ஆனால் கற்கும் திறமை வீண்போகாது. சப்1ஏயையே பாருங்கள், அது விவசாயிகளிடம் போனது மரபணுப் பொறியியல் வழியாக அல்ல. ஒடிசாவின் பழைய நெல்லினம் ஒன்றிலிருந்த மரபணுவை, டிஎன்ஏ அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துச் சாதாரண இனக்கலப்பால் ‘சுவர்ணா’ நெல்லுக்கு மாற்றினார்கள். இந்த வேலையை பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிறுவகத்திலும் செய்யலாம், லுணுவிலைத் தென்னை ஆராய்ச்சியிலும் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சியிலும் செய்யலாம். இன்னொரு பக்கம் கிரிஸ்பர் வந்துவிட்டது, வெளியிலிருந்து மரபணு கொண்டுவராமல் செடியின் சொந்த மரபணுவையே திருத்தும் முறை. 2025 மே மாதம் இந்தியா இப்படித் திருத்திய இரண்டு நெல்லினங்களை அறிவித்தது. வரட்சியையும் உவரையும் தாங்கவென உருவான பூசா டிஎஸ்டி ரைஸ் 1 அதில் ஒன்று. உங்கள் பிள்ளை பட்டம் முடிக்கும்போது இத்துறை இப்போது நிற்கும் இடத்தில் நிற்காது.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில வருடங்கள் ஆய்வு உதவியாளராக வாங்குவது, வங்கியில் சேர்ந்த வகுப்புத் தோழியின் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அரச ஆராய்ச்சி நிறுவகங்களில் நிரந்தர வெற்றிடம் நினைத்த நேரத்தில் வராது. இடையில் கொழும்பில் பிசிஆர் செய்யும் தனியார் மருத்துவ ஆய்வுகூடங்கள் கைகொடுக்கும். உண்மையான திருப்பம் கலாநிதிப் பட்டத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் தாவர விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குக் காசு கட்டித்தான் போக வேண்டும் என்றில்லை. புலமைப்பரிசிலோ ஆய்வு உதவித்தொகையோ கொடுத்துக் கூப்பிடும் இடங்கள் உண்டு, ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் நம் பிள்ளைகள் பலருக்கு வழிவிட்டது. முழுக் கட்டணம் கேட்கும் இடத்துக்குக் கலாநிதிப் பட்டத்துக்காகப் போகவே கூடாது. இது நான் விட்டுக்கொடுக்காத விதி.

உள்ளூரிலும் அப்படித்தான். பயோடெக்னோலஜி என்று பெரிய பதாகை போட்டு இலட்சக்கணக்கில் கேட்கும் தனியார் பாடநெறிகளில் சேர்க்க முன்பு ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கலங்களிலிருந்து செடி வளர்த்தெடுக்கும் இழையவளர்ப்பு அறை இருக்கிறதா, பிசிஆர் இயந்திரத்தை மாணவர் தொட விடுகிறார்களா, இறுதி வருட ஆய்வை யார் மேற்பார்வை செய்கிறார் என்று கேளுங்கள். தயங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். இலவசக் கல்வியில் இடம் கிடைக்கும் பிள்ளைக்கு அந்தச் செலவு தேவையே இல்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தில் விருப்ப வரிசை முக்கியம். மேலிருந்து பார்த்து வரும்போது முதலில் எது கிடைக்குமோ அதுதான் தரப்படும். உறவினருக்குச் சொல்லிப் பெருமைப்பட எதையும் மேலே போடாதீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மூலக்கூற்று உயிரியலும் உயிரிரசாயனவியலும், உயிரியல் விஞ்ஞானம், பேராதனை விவசாய பீடம், மாகந்துரையில் இருக்கும் வயம்ப விவசாய பீடம், கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாண விவசாய பீடம் ஆகியவற்றை வைத்து வரிசையை அவளே எழுதட்டும். ஆய்வுகூடப் பக்கம் என்றால் கொழும்பு முதலாவது, வயலோடும் நிற்க விரும்பினால் பேராதனை. கொழும்பில் வளர்ந்து மூன்று மொழியும் பேசும் பிள்ளை பத்தலகொடையிலும் கிளிநொச்சியிலும் ஒரே மாதிரி வேலை செய்ய முடியும். அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

உயிரியல் விஞ்ஞானத்துக்கு இடம் கிடைத்தால், பொதுப் பட்டத்தோடு நிற்காமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை அவள் எடுக்க வேண்டும். இறுதி வருட ஆய்வு அதில்தான் வருகிறது, கலாநிதிப் படிப்புக்கு மேற்பார்வையாளர்கள் கேட்பதும் அந்த ஆய்வு அனுபவத்தைத்தான். அந்த இடங்களுக்குப் போட்டி உண்டு, ஆரம்ப வருடங்களின் புள்ளிகளைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆகவே ரியூசனுக்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்கும் புள்ளிவிபரவியலுக்கும் கொடுங்கள். முதலாம் வருடத்திலிருந்தே இரசாயனவியலை அவள் இறுக்கிப் பிடிக்கட்டும்.