ஒரு முட்டைகூடத் தொட்டதில்லையே

அன்புள்ள அக்கா,

என் அப்பாவுக்கு 61 வயது. பரம்பரையாகச் சைவம். சிகரெட், குடி எதுவும் கிடையாது. போன மாதம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டு மாமா வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கறி சாப்பிடுகிறார், 75 வயதிலும் சைக்கிள் ஓட்டுகிறார். சைவம் இதயத்துக்கு நல்லது என்பதெல்லாம் பொய்தானா? அப்பாவை மீனுக்கோ, அரிசியை விட்டுக் கறியும் கொழுப்பும் சாப்பிடுகிற பேலியோவுக்கோ மாற்றலாமா? தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமா? இப்போது எண்ணெயே இல்லாமல் சாப்பிடுவதால் கொழுப்பு மாத்திரையை அப்பா நிறுத்திவிட்டார், அது சரிதானே?

க., ஈரோடு

அன்புள்ள க.,

முதலில் அந்த மாத்திரை. இன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டு, நிறுத்திவிட்டார் என்பதைச் சொல்லுங்கள். இதைப் போய் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே தம்பி! எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறந்திருக்கிறது. மற்ற ரத்தக் குழாய்களின் சுவரில் படிந்தது அப்படியே இருக்கிறது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடம்பே தயாரிப்பது. தாளிக்கிற எண்ணெயை நிறுத்தினால் அது நின்றுவிடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டாரா என்று கேளுங்கள். அதை விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும்.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதம் நிறைவுற்ற கொழுப்பு, நெய்யிலும் வெண்ணெயிலும் அதிகம் இருக்கிற வகை. அப்பாவுக்கு அது தினசரி எண்ணெய் ஆக வேண்டாம். எதிர்வீட்டு மாமாவை விட்டுவிடுங்கள், ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

சைவத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அது என்னை வெகுநாளாகக் குடைகிற விஷயம். நான் பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவள். எங்கள் வரிசையில் ஒரு கிளார்க் இருந்தார். வெற்றிலைகூடப் போடமாட்டார். ஒருநாள் ஆபீஸ் மேசையிலேயே சாய்ந்துவிட்டார், ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொன்னார்: "ஒரு முட்டைகூடத் தொட்டதில்லையே இந்த மனுஷன்."

அவர் மகள் என்னோடு படித்தவள். அவருடைய டிபன் கேரியர் எனக்குத் தெரியும். ஒரு அடுக்கில் சாம்பார் சாதம், ஒன்றில் ரசம் சாதம், ஒன்றில் தயிர் சாதம், மேலே உருளைக்கிழங்கு வறுவல். சாயங்காலம் பஜ்ஜி. பண்டிகை வந்தால் டால்டாவில் செய்த இனிப்பு. வீட்டிலிருந்து ஆபீஸ் நாற்காலி, நாற்காலியிலிருந்து வீடு. கறி இல்லைதான். கீரையும் பயறும் எங்கே இருந்தன?

1967இல் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா ஒரு கட்டுரை எழுதினார். இந்தியா முழுக்க 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே ஊழியர்களின் கணக்கு அது. பஞ்சாபிகளைவிடத் தென்னிந்தியர்களிடம் இதய நோய் 7 மடங்கு என்று கண்டார். கொழுப்போ பஞ்சாபிகள்தான் 8 முதல் 19 மடங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள், பெரும்பாலும் பாலும் நெய்யும். நம் ஆட்களுடையது விதை எண்ணெய் வகைகள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. எங்கள் வரிசையே அதில் இருந்தது.

இதைக் காட்டி நெய் குடி, கொழுப்பால் ஒன்றுமில்லை என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேலியோ ஆட்களுக்கு ரொம்பப் பிடித்த கட்டுரை. அவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் 1985இல் நோபல் பரிசு வாங்கியது எதற்கு? ரத்தத்திலிருந்து எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்கு. நிறைவுற்ற கொழுப்பு கூடும்போது கல்லீரலில் அந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது, எல்டிஎல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பஞ்சாபி நெய் சாப்பிட்டார் என்பதால் இது மாறிவிடாது. மல்ஹோத்ராவின் கணக்கு நெய்க்கு நற்சான்றிதழ் தரவில்லை. கொழுப்பு கம்மியாகச் சாப்பிட்டும் தெற்கில் ஏன் இத்தனை பேர் செத்தார்கள் என்று நம்மைப் பார்த்துத்தான் அது கேட்கிறது.

சைவத்தின் நன்மை பொய் இல்லை. பிரிட்டனில் ஏறத்தாழ 48,000 பேரை 18 வருஷம் கவனித்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019இல் வந்தது. கறி சாப்பிடுகிறவர்களைவிடச் சைவர்களுக்கு இதய ரத்தக் குழாய் நோய் 22 சதம் குறைவு, மீன் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு 13 சதம் குறைவு. சைவர்களுக்குப் பக்கவாதம் 20 சதம் கூடுதலாக இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஊர்ச் சைவர் உடல் எடை குறைந்தவர், நார்ச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர். அவருக்குக் கிடைத்த நன்மையை எங்கள் காலனி கிளார்க்கின் மூன்று அடுக்குச் சாதத்துக்கு எப்படிக் கொடுப்பது?

2025இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 சதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. தெற்கில் அது பெரும்பாலும் வெள்ளை அரிசி. அளவுக்கு மிஞ்சிய அரிசியையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் இறங்குகிறது, எல்டிஎல் துகள்கள் சின்னதாகி ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. நம் சைவ வீடுகளில் இது பேச்சுக்கே வராது. இலையில் கறி இல்லை என்றதும் மனசு திருப்தியாகிவிடுகிறது. மூன்றாம் முறை சோறு போடுவதைப் பாசம் என்கிறோம்.

அப்பாவை மீனுக்கு மாற்ற வேண்டாம். இந்த வயதில், பயந்து போயிருக்கும் மனுஷனின் தட்டில் மனசு ஒப்பாததை வைக்காதீர்கள். சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் போடுங்கள். சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், ஒரு பிடி வேர்க்கடலை. கறிவேப்பிலையை ஒதுக்குகிற மாதிரி கீரையை ஒதுக்கினால் கூடவே உட்கார்ந்து சாப்பிட வையுங்கள், உங்கள் தட்டிலும் அதுவே இருக்கட்டும். பரம்பரைச் சைவர் என்பதால் பி12 வைட்டமின் எவ்வளவு என்று பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவும் ட்ரைகிளிசரைடும் சேர்த்து எடுங்கள். ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.