கணக்கில் 4.7 விநாடி, ரிலே மட்டும் உடனே இழுப்பது ஏன்?

கேள்வி: ரிலே சற்றுத் தாமதமாக இழுக்க வேண்டும் என்று, 5 வோல்ட் சப்ளையிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து, அதை ரிலேயை இயக்கும் பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸில் (கட்டுப்படுத்தும் முனையில்) நேராக இணைத்திருக்கிறேன். இரண்டையும் பெருக்கினால் 4.7 விநாடி வருகிறது. ஆனால் ஒரு விநாடிக்குள் ரிலே இழுத்துவிடுகிறது. அணைத்த கையோடு மறுபடி போட்டால் தாமதமே இல்லை. கெப்பாசிட்டர் பழுதா?

பதில்: கெப்பாசிட்டர் நன்றாகவே இருக்கிறது. அந்த 4.7 விநாடி எதைக் குறிக்கிறது என்பதில்தான் சிக்கல்.

சப்ளை போட்ட கணத்தில் கெப்பாசிட்டரில் 0 வோல்ட். 5 வோல்ட்டும் ரெசிஸ்டர் மேல் விழுவதால் 0.5 மில்லிஆம்பியர் பாயும். கெப்பாசிட்டர் ஏற ஏற ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்ட் குறையும், கரண்டும் குறையும். அதனால் ஏற்றம் முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் இருக்கும். நீங்கள் பெருக்கி எடுத்த நேரத்தில் அது சப்ளையின் 63.2 சதவீதத்தை, அதாவது 3.16 வோல்ட்டை எட்டும். மூன்று மடங்கு நேரத்தில் 95 சதவீதம், ஐந்து மடங்கில் 99.3.

டிரான்சிஸ்டர் 3.16 வோல்ட் வரை காத்திருக்காது. பேஸில் 0.7 வோல்ட் வந்தாலே கடத்தும். 5-ஐ 4.3-ஆல் வகுத்து, அதன் இயற்கை மடக்கையை (கால்குலேட்டரில் ln) 4.7-ஆல் பெருக்குங்கள்: 0.71 விநாடி. உங்கள் ரிலே கணக்குப்படிதான் நடக்கிறது!

கெப்பாசிட்டரை 3300 மைக்ரோஃபாரட் ஆக்கினால் 5 விநாடி கிடைக்கும். ஆனாலும் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேஸ் வோல்ட் அவ்வளவு மெதுவாக ஏறினால் டிரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் தங்கிச் சூடாகும், ரிலேயும் உறுதியாக இழுக்காது. போதாததற்கு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் டிரான்சிஸ்டர் கடத்தத் தேவையான பேஸ் வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அதோடு தாமதமும் மாறும்.

இரண்டு வோல்ட்டை ஒப்பிட்டு அவுட்புட்டை மாற்றும் ஐசியான எல்எம்393 கம்பாரேட்டர் ஒன்றை கெப்பாசிட்டருக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவில் வையுங்கள். மைனஸ் இன்புட்டுக்கு, சப்ளையிலிருந்து 10 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 18 கிலோஓம்: 3.21 வோல்ட் கிடைக்கும். கெப்பாசிட்டரை இன்னொரு 10 கிலோஓம் வழியாகப் பிளஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள். அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட்டுக்கு 1 மெகாஓம் போட்டால் ரிலே நடுங்காமல் ஒரே மூச்சில் மாறும். இந்த ஐசியின் அவுட்புட் தானாக மேலே போகாது. அவுட்புட்டிலிருந்து சப்ளைக்கு 1 கிலோஓம் தேவை. அவுட்புட்டிலிருந்து பேஸுக்கும் தனியாக 1 கிலோஓம். இப்போது தாமதம் சுமார் 4.8 விநாடி. 3.21 வோல்ட்டும் அதே சப்ளையிலிருந்து வருவதால், சப்ளை சற்றுக் கூடிக் குறைந்தாலும் நேரம் மாறாது. ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இல்லையென்றால் அதையும் போடுங்கள், கேதோடு (கோடு போட்ட முனை) சப்ளைப் பக்கம். காயிலில் கரண்ட் சட்டென்று நிற்காது. டையோடு இல்லாவிட்டால் அணைக்கும்போது எழும் உயர் வோல்ட் டிரான்சிஸ்டரைக் கொல்லும்.

இரண்டாவது கோளாறுக்குக் காரணம், கெப்பாசிட்டரில் மிஞ்சிய சார்ஜ். அது வெளியேற விரைவான வழி இல்லை. 10 கிலோஓம் சார்ஜ் ரெசிஸ்டருக்குக் குறுக்கே 1என்4148 டையோடு, இதிலும் கேதோடு சப்ளைப் பக்கம். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோஓம். அணைத்த ஒன்றிரண்டு விநாடியில் பெரும்பகுதி இறங்கிவிடும். டையோடு சுமார் 0.6 வோல்ட்டை விட்டுவைக்கும் என்பதால், அதன் பின் உடனே போட்டால் தாமதம் 4.2 விநாடி அளவில் இருக்கும்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் 20 சதவீத வித்தியாசம் சாதாரணம். துல்லியம் வேண்டுமானால் 10 கிலோஓமுக்குப் பதில் 6.8 கிலோஓமும் அதோடு தொடராக 5 கிலோஓம் பிரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். தாமதத்தை நீட்ட ரெசிஸ்டரை 1 மெகாஓம் வரை ஏற்ற வேண்டாம். அங்கே கெப்பாசிட்டரின் சில மைக்ரோஆம்பியர் கசிவே 3.21 வோல்ட்டை எட்டவிடாமல் தடுத்துவிடும், ரிலே இழுக்கவே இழுக்காது.