வைட்டமின் டி 14: மாத்திரை போட்டால் நடை திரும்புமா?

72 வயது அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 (ng/mL) என்று வந்திருக்கிறது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, மாத்திரை போட்டால் பழையபடி நடப்பாரா என்று கேட்டிருந்தீர்கள். 14 குறைவுதான். 20-க்கு மேல் வந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். கடுமையான குறைபாட்டில் தொடை, இடுப்புத் தசைகள் தளரும் என்பதால் டாக்டர் சொன்ன அளவில் கட்டாயம் கொடுங்கள்.

சீக்கிரம் ஏறட்டும் என்று நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் எலும்பு முறிவதும் அதிகமானதுதான் மிச்சம்! 2010-இல் வெளியான ஆய்வு அது.

சரி, கால் வலுவுக்கு? மாத்திரையைவிட உட்கார்ந்து எழும் பயிற்சியைத்தான் நான் நம்புவேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கெட்டியான மெத்தை வைத்து இருக்கையை உயர்த்துங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கையூன்றாமல் எழ வந்ததும் மெத்தையின் உயரத்தைக் குறைக்கலாம். அப்புறம், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் தசை இன்னும் தேறவில்லை. எழுந்ததும் தலைசுற்றுகிறதா என்றும் கேளுங்கள். அது வேறு பிரச்சினை, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.