கிட்டாரில் ஒளி வேண்டும், இரைச்சல் வேண்டாம்

கேள்வி: என் எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்று சிங்கிள் காயில் பிக்கப்புகள் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்கள்). கல்லூரி விழாவுக்காக அதன் விளிம்பில் 30 விளக்குகள் கொண்ட டபிள்யூ.எஸ். 2812பி எல்.இ.டி. பட்டையை ஒட்டினேன். வாசிப்புக்கு ஏற்ப எரிய வேண்டும் என்று கிட்டாரின் வெளியீட்டு ஜாக்கிலிருந்தே ஒரு வயர் எடுத்து, கப்பாசிட்டர் வழியாக, இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களுக்கு நடுவில் சேர்த்து ஆர்டுயினோ நானோ என்ற, நிரலில் இயங்கும் சிறு சர்க்யூட் பலகைக்குக் கொடுத்தேன். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) ஒரே இரைச்சல். கிட்டாரின் ஒலியும் மங்கிவிட்டது. என்ன செய்வது?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: முதல் வேலையாக அந்த வயரைக் கழற்றிவிடுங்கள், தம்பி. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள். அது தரும் மின்சாரம் மிகச் சொற்பம். அதற்கு உங்கள் இரண்டு ரெசிஸ்டர்களும் சேர்ந்து வெறும் 5 கிலோ ஓம் சுமையாகத் தெரிகின்றன. சிக்னலில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. கிட்டார் கம்பியின் கணீரென்ற மேல்ஒலி முற்றிலும் போகிறது. மங்கியதற்குக் காரணம் இதுதான்.

இரைச்சல் வேறு கதை. ஒவ்வொரு விளக்கும் முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். முப்பதும் சேர்ந்தால் 1.8 ஆம்பியர். ஒளியைக் கூட்டிக் குறைக்க இவை நொடிக்குப் பல நூறு முறை அணைந்து எரிகின்றன. அந்தத் துடிப்பு, பிக்கப்பின் எர்த் வயரிலேயே ஓடினால் ஆம்ப் அதையும் பாடத்தான் செய்யும்.

என் யோசனை: விளக்குக்குத் தனிக் காதும் தனி மின்சாரமும் கொடுங்கள். காது என்றால், அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மி.மீ. பீசோ தகடு. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். கிட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உட்குழியின் மரச்சுவரில் எபாக்சியால் (இறுகிக் கெட்டியாகும் பசை) அழுத்தி ஒட்டுங்கள். ரப்பர் போன்ற பசை வேண்டாம், அதிர்வை விழுங்கிவிடும். தகட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டரும் மின்னழுத்தம் எகிறாமல் தடுக்கும் 5.1 வோல்ட் ஜீனர் டையோடும், நானோவுக்குப் போகும் வழியில் 10 கிலோ ஓமும் போதும். சிக்னலை அளக்க நானோ உச்ச அளவாகக் கொள்ளும் ஒப்பீட்டு மின்னழுத்தத்தை 1.1 வோல்ட்டுக்கு மாற்றினால் மெல்லிய மீட்டலும் பதிவாகும். மைக் வைத்தால் பக்கத்து டிரம்முக்கும் விளக்கு ஆடும். பீசோ பெரும்பாலும் உங்கள் கையை மட்டுமே கேட்கும். இந்தச் சுற்றின் எர்த், கிட்டாரின் எர்த்தை எங்கும் தொடக் கூடாது.

நிரலில் ஒளி சட்டென்று ஏறட்டும், மெல்ல இறங்கட்டும். ஒவ்வொரு 10 மில்லிநொடிக்கும் பழைய அளவை 0.95 ஆல் பெருக்குங்கள். பீசோவிலிருந்து வரும் புதிய அளவு அதைவிடப் பெரிதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத விளக்கு நடுங்கும், பார்ப்பவர் கண் வலிக்கும்.

மின்சாரத்துக்குத் தோள்பட்டையில் ஒரு பவர் பேங்க். 9 வோல்ட் சதுர பேட்டரி இந்தச் சுமையைத் தாங்காது. பாட்டுக்கு நடுவே விளக்கை முழுதாக அணைக்காமல் மங்கலாக எரிய விடுங்கள். இழுப்பு மிகவும் குறைந்தால் சில பவர் பேங்குகள் தாமாகவே நின்றுவிடும். பட்டையின் இரு மின் வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி, பிக்கப்பிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். அப்படியும் இரைச்சல் மிஞ்சினால் ஏ.பி.ஏ. 102 வகைப் பட்டைக்கு மாறுங்கள். அதன் துடிப்பு 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் காதுக்கு எட்டாது.

கேள்வி: நிரல் எழுதத் தெரியாது. ஆர்டுயினோ இல்லாமல் முடியுமா?
— வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. எல்.எம். 3915 என்ற சிப் பத்து விளக்குகளை 3 டெசிபல் படிகளாக ஏற்றி இறக்கும். நிறம் மாறாது. ஆனால் பீசோவின் சிக்னலைப் பெருக்கித்தான் அதற்குக் கொடுக்க வேண்டும், டி.எல். 072 என்ற பெருக்கிச் சிப் ஒன்று அந்த வேலையைச் செய்துவிடும்.