கல்லூரியில் கூடைப்பந்தும் ஆடியவர் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் நிலைக்க முடியுமா?

தாராளமாக முடியும், டோனி கொன்சாலஸ் ஒருவரே போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால், கூடைப்பந்து இரண்டும் ஆடினார். 1997இல் அந்தக் கூடைப்பந்து அணி தேசியப் போட்டியில் கடைசி 16 அணிகள் வரை போனது, அடுத்த மாதமே, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரை 13ஆவதாக எடுத்தது.

இரண்டாவது சீசனில் கைக்கு வந்த பந்துகளை நிறையவே தவறவிட்டார். அப்புறம் 1999இல் 11 டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசி எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர். அவர் ஆடிய டைட் எண்ட் (எதிராளியைத் தடுப்பதும், வீசிய பந்தைப் பிடிப்பதும் வேலை) இடத்துக்குக் கூடைப்பந்து ஏன் உதவுகிறதென்றால், ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, எதிராளியை முதுகால் தடுத்து வைத்து, சரியான நொடியில் குதித்துப் பந்தைப் பறிக்கிறார்கள் இல்லையா, அதே உடல் வேலைதான் அங்கேயும், என்ன, பிடித்த கையோடு அடி விழும்.

17 சீசன், கடைசி ஐந்து அட்லாண்டா ஃபால்கன்ஸில். 1,325 கேட்ச், 15,127 யார்டு, 111 டச்டவுன், தவறவிட்ட ஆட்டங்கள் வெறும் இரண்டு. ஆனால் சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஜெயித்தது ஒரே ஒரு முறை, இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் பக்கமே போகவில்லை, எனக்கு இன்னும் பொறுக்காத விஷயம் அது. 2019இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

டைட் எண்ட் வீரர்களில் அதிக டச்டவுன் என்ற அவருடைய சாதனையை 2017இல் முறியடித்த அன்டோனியோ கேட்ஸ், கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாமல் கூடைப்பந்து மட்டும் ஆடியவர்!