ஆறாவது கால்விரல்: கேளுங்க, சொல்றேன்

குழந்தைகள் எலும்பு அறுவைப் பிரிவில் வேலை. கால்விரல் பற்றி மட்டும் கேளுங்க.

மகனுக்கு நாலு மாசம். சுண்டுவிரல் பக்கம் இன்னொரு விரல். எப்ப எடுக்கலாம்?
அவசரமில்லை. பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டி, நடக்கத் தொடங்கும் முன் செய்வாங்க. மயக்க மருந்தும் அப்போது பாதுகாப்பு கூடுதல். எக்ஸ்ரேயும் அதுவரை காத்திருக்கட்டும்: பச்சைக் குழந்தையின் குருத்தெலும்பு படத்தில் விழாது. உள்ளே பாத எலும்பே கிளை விட்டிருக்கா, சதை மட்டுமா என்று தெரிந்தால்தான் எதை எடுப்பது என்று முடிவாகும். ஓரத்தில் இருப்பதெல்லாம் உபரி இல்லை; நன்றாக வளர்ந்த விரலை வைத்துக்கொள்வாங்க. கட்டைவிரல் பக்கம் என்றால் வேலை கூடுதல். தசைநாரைச் சரியாகத் தைக்காவிட்டால் மிச்ச விரல் உள்பக்கம் சாயும்.

சின்னதா தொங்குது. நூல் கட்டினா தானா விழுந்திடும்னு மாமியார் சொல்றாங்க.
கட்டாதீங்க. உள்ளே ரத்தக்குழாய், நரம்பு இருக்கு. சீழ் பிடிக்கும், அடியில் முண்டு நிற்கும், நரம்பு நுனி தடித்து ஷூ பட்டாலே சுரீர் என்கும்.

கிரகணத்தப்ப வெளியே போனதாலா? அப்ப எனக்கு ஆறு மாசம்.
கருவில் விரல்கள் பிரிவது எட்டாவது வாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். உங்க ஆறாம் மாசக் கிரகணம் ரொம்ப லேட். தாத்தா, அத்தை கால்களைப் பாருங்க. பல குடும்பங்களில் இது பரம்பரை. விரலோடு இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு, மாலைக்கண் இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்க.

ஆறு விரல் அதிர்ஷ்டமாமே?
ஜோசியரைக் கேளுங்க.

நம்ம தடகள வீராங்கனை ஸ்வப்னா பர்மன் இரண்டு காலிலும் ஆறு விரலோடு தங்கம் வாங்கினாரே. எதுக்கு வெட்டணும்?
2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, ஹெப்டத்லான் (ஏழு தடகளப் போட்டிகள் சேர்ந்தது), 6026 புள்ளி. பல்வலியோடு, தாடையில் பட்டை ஒட்டிக்கொண்டு! ஆனால் சாதாரண ஷூ அவருக்கு வலித்தது. ஜெயித்ததும் தன் காலுக்கேற்ற ஷூ வேண்டும் என்றுதான் கேட்டார்.

அப்ப தப்பு ஷூ மேலதானே, விரல் மேல இல்லையே?
மடக்கிட்டீங்க! வலியில்லை, செருப்பு பொருந்துகிறது, நடை சரி என்றால் விட்டுவிடலாம்; எடுத்தே ஆகணும் என்று எங்கும் சட்டமில்லை. ஆனால் பள்ளிக்கூட ஷூவை அளவெடுத்துத் தைக்க எத்தனை வீட்டில் முடியும்?

அவரோட சமநிலைக்கே அந்த விரல்தான் காரணம்னு…
அதற்கு ஆதாரம் கொண்டு வாங்க, பேசலாம்.

எனக்கு 34 வயசு. ஷூ போட்டா காய்ப்பு. இப்ப எடுக்கலாமா?
எடுக்கலாம். புண் ஆறச் சில வாரங்கள் ஆகும், லீவு பார்த்துக்கோங்க.

கைவிரலுக்கும் இதேதானா?
கை வேற துறை.

மகளுக்கு எட்டு மாசம், எப்ப எடுக்கலாம்?
முதல் பதிலைப் படிங்க. நூல் ஏதும் கட்டலையே?

நேத்து பாட்டி கட்டிட்டாங்க, விரல் கறுக்குது.
மொபைலை வைத்துவிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.