மருமகனின் சனிக்கிழமை யாருடையது?

கேள்வி: என் தங்கச்சி குடும்பம் டொராண்டோவில் ஒரு சிறிய பௌலிங் கூடம் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டுக் கூடம்) நடத்துகிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் இரண்டும் அங்கேதான். வீடியோவில் பேசும்போதெல்லாம் பன்னிரண்டு வயது மருமகன் வாடிக்கையாளருக்குச் சப்பாத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான். "படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிறாள்" என்று அம்மா அழுகிறார். தங்கச்சிக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: தங்கச்சிக்கு ஒன்றும் சொல்லாதீர்கள். முதலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பின்னேரம் மத்திய வீதியால் நடந்து போங்கள். ஏதாவது ஒரு கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை கொப்பியோடு உட்கார்ந்திருக்கும். ஆள் வந்தால் எழுந்து சாமானை எடுத்துக் கொடுக்கும். அதைப் பார்த்து அம்மா அழ மாட்டார், கெட்டிக்காரப் பெடியன் என்பார். அதையே பேரன் கனடாவில் செய்தால் எப்படிப் படிப்பைக் கெடுப்பதாகும்? இரவு எட்டு மணிவரை ரியூசனில் அடைந்து கிடக்கும் பிள்ளைக்காக நாம் யாரும் கண்ணீர் விடுவதில்லையே.

அந்த இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கனடாக்காரர் விளையாடும் ஐந்து கட்டைப் பௌலிங், 1909இல் டொராண்டோவில் தோமஸ் ரயன் என்பவர் தொடங்கியது. பந்து சின்னது, துளை கிடையாது, பிள்ளையின் கைக்கும் அடங்கும். நடுக்கட்டை விழுந்தால் 5 புள்ளி, அதற்கு இரு பக்கமும் உள்ளவற்றுக்கு 3, ஓரங்களுக்கு 2. எல்லாம் விழுந்தால் 15, குறையே இல்லாத ஆட்டத்துக்கு 450. கணினி கூட்டிக் கொடுத்தாலும், நாள் முழுக்க அதைப் பார்க்கிற பிள்ளைக்கு மனக்கணக்கு தானாக ஏறும். அதைவிடப் பெரிது, அவன் மனிதரைப் பார்க்கிறான். தோற்றுவிட்டுச் சிணுங்கும் குழந்தையிடம் எப்படிப் பேசுவது, கோபத்தோடு வருகிறவரை எப்படித் தணிப்பது என்பதை எந்த வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. கட்டைகளைத் தூக்கி நிறுத்தும் இயந்திரம் 1950களில் பரவுவதற்கு முன், அமெரிக்காவில் அந்த வேலையைச் செய்தவர்கள் சிறுவர்கள். நள்ளிரவு தாண்டியும் அவர்கள் வேலை செய்ததை லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1909இல் படமெடுத்தார். குழந்தைத் தொழிலாளருக்கு எதிரான போராட்டத்துக்கு அவர் எடுத்த படங்கள் பெரிய துணையாயின. அந்தப் பிள்ளைகளைக் கெடுத்தது விளையாட்டுக் கூடம் அல்ல. "இன்றைக்கு என்னால் முடியாது" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கவில்லை. இலங்கையிலும் வேலைக்கான குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்த 2021வரை சென்றது.

நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்: மருமகன் முடியாது என்று சொன்னால் தகப்பன் முகம் சுளிக்காமல் விடுவாரா? கூடத்தில் பிறந்தநாள் கொண்டாட்டங்கள் குவிவது சனி, ஞாயிறில். கூட்டாளி ஒருவன் பந்தடிக்கக் கூப்பிட்டால் போக அவனுக்கு ஒரு சனிக்கிழமையாவது இருக்கிறதா? தங்கச்சியிடம் கேட்டால் "அவனுக்கு விருப்பம்தான்" என்று பதில் வரும். அவனிடமே கேளுங்கள், தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத நேரமாய்ப் பார்த்து. மாமா கேட்டால் சொல்வான்.

இதே கேள்வியை நம் ஊரிலும் கேட்க ஆளில்லை என்பதுதான் எனக்குக் கவலை. உப்புவெளி, நிலாவெளியில் வீட்டோடு விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பங்களைப் பாருங்கள். கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரைதான் அவர்களுக்கு உழைப்பு. ஓகஸ்ட் லீவில் மற்றப் பிள்ளைகள் விளையாட, இந்தப் பிள்ளைகள் படுக்கை விரிப்பு மாற்றுகிறார்கள். சிலர் குடித்துவிட்டு வரும் வெளியாட்களுக்கு இரவில் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெற்றோர் உடனே நிறுத்த வேண்டியது அதைத்தான். அந்த விடுதிகளில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள்.

உங்கள் மருமகனுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. கனடாவில் பௌலிங் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் செப்டெம்பரில் தொடங்கிச் சித்திரை, வைகாசியோடு முடிந்துவிடும். கோடையில் கூட்டம் குறைவு. பள்ளி விடுமுறையும் அப்போதுதான். முடிந்தால் யூலையில் பிள்ளைகளை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். அம்மாவும் பேரனை நேரில் பார்த்துக் கேட்கட்டும்.